சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும்: பழைய புல்லட்டின் இக்னிஷன் காயில்

பழைய புல்லட், ஜாவா, யெஸ்டி வைத்திருக்கிறவர்களைப் படுத்தி எடுக்கும் கோளாறு ஒன்று உண்டு. காலையில் ஒரே உதையில் வண்டி கிளம்பும். பதினைந்து இருபது கிலோமீட்டர் வரை குறை சொல்ல ஒன்றும் இருக்காது. அப்புறம் மேடு ஏறும்போது லேசாக மிஸ் அடிக்கும், சைலன்சரில் ஒன்றிரண்டு வெடி கேட்கும், பிறகு அப்படியே அணைந்துவிடும். எவ்வளவு உதைத்தாலும் அசையாது. ஓரமாக நிறுத்தி, அரை மணி நேரம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே கோளாறு தலைகாட்டாது. வண்டிதான் அங்கே போவதற்குள் ஆறிவிடுகிறதே!

இந்தக் கோளாறுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். அதில் முக்கியமானது இக்னிஷன் காயில், அதாவது பேட்டரியின் சில வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிப் பிளக்குக்குப் பொறி தரும் சாமான். என் வண்டியில் அதைக் கண்டுபிடித்து மாற்றிய விதத்தையும், அதன் வழியே காயிலைப் பற்றித் தெரிந்துகொண்டதையும் எழுதி வைக்கிறேன். பாயிண்ட் செட் (காயிலுக்குப் போகும் கரண்டை வெட்டி வெட்டி விடும் சின்ன ஸ்விட்ச்) வைத்த எந்தப் பழைய வண்டிக்கும் இது உதவும்.

நான் இருப்பது குமுளியில். ஏலக்காய் வியாபாரம். வண்டன்மேட்டுப் பக்கத்துத் தோட்டங்களுக்கும், கீழே கம்பம், போடிக்கும் அடிக்கடி போய்வர வேண்டியிருக்கும். வண்டி 350 புல்லட், 12 வோல்ட், பாயிண்ட் வைத்தது. திருவொற்றியூரில் செய்த பழைய இரும்பு பிளாக் என்ஜின். லோயர் கேம்ப்பில் இருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதை தெரிந்தவர்களுக்கு இந்த வண்டி படும் பாடு புரியும். மின்நிலையத்துக்கு இறங்கும் பெரிய குழாய்களைத் தாண்டினால் வளைவுக்கு வளைவு ஏற்றம். சித்திரை வெயிலில், முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தால் இரண்டாம் கியரை விட்டு மேலே போக முடியாது. ஐயப்ப சீசனில் போலீஸ் வண்டிகளைக் கம்பம்மெட்டுப் பக்கம் திருப்பிவிடும்போது அந்தப் பாதையும் இதே கதிதான். காற்றால் ஆறும் என்ஜினுக்குக் காற்றே கிடைக்காது. சிலிண்டரின் சூடு நேராக மேலே ஏறி டாங்குக்கு அடியில் தங்கும். என் வண்டியில் காயில் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

வண்டி முதலில் நின்றது அந்த ஏற்றத்தில்தான். கீழே சமவெளியில் கூடலூர், கம்பம் என்று சுற்றினால் நிற்காது. மலையில் மட்டும்தான் நிற்கும். இந்த ஒரு விவரமே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. ஆனால் அவசரப்பட்டுக் காயிலைப் பிடித்துத் தூக்கில் போடக்கூடாது. பெட்ரோலும் சூட்டில் இதே நாடகத்தை ஆடும்.

அதனால் வண்டி நின்றதும் முதலில் பெட்ரோல் மூடியைத் திறந்துவிடுங்கள். மூடியில் இருக்கும் காற்றுத்துளை தூசியில் அடைத்திருந்தால் டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காது. திறக்கும்போது ‘புஸ்’ என்று காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, ஒரு நிமிடத்தில் வண்டியும் கிளம்பிவிட்டால் காயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அடுத்து பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், கை சுடும், துணி வைத்துக்கொள்ளுங்கள். பலமுறை உதைத்த பிறகும் பிளக் காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, கரண்ட்தான் வரவில்லை. என் வண்டியில் பிளக் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

கரண்ட் பார்ப்பதற்கென்று ஒரு பிளக்கைத் தனியாக வைத்திருங்கள். என்ஜினில் இருக்கும் பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு, பிளக் ஒயரின் முனையில் இருக்கும் கேப்பை மட்டும் உருவி, அதை இந்தத் தனிப் பிளக்கில் செருகி, பிளக்கின் உடம்பு சிலிண்டர் ஹெட்டின் ரெக்கையில் நன்றாகப் படும்படி வைத்து உதைக்க வேண்டும். பலபேர் என்ஜின் பிளக்கைக் கழற்றிய கையோடு அந்த ஓட்டை பக்கத்திலேயே வைத்து உதைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஓட்டையில் இருந்து பெட்ரோல் ஆவி பீறிட்டு வரும், பக்கத்திலேயே பொறி. வேண்டவே வேண்டாம். அதேபோல கேப்பைச் சும்மா தொங்கவிட்டும் உதைக்கக்கூடாது. பிளக் வழியாகப் போக வழி இல்லாத அந்த வோல்டேஜ் காயிலின் உள்ளேயே வழி தேடும். நல்ல காயிலும் அதில் கெட்டுப்போகலாம்.

நல்ல பொறி நீலமாக, தடிமனாக, ‘டிக்’ என்ற சத்தத்தோடு அடிக்கும். வெயிலில் கண்ணுக்குத் தெரியாது, தொப்பியால் நிழல் காட்டிக் காதையும் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும். அன்று என் வண்டியில் மெல்லிசாக, செம்மஞ்சளாக எப்போதோ ஒன்று வந்தது. வண்டி ஆறின பிறகு அதே பிளக்கில் நீலப் பொறி. அப்படியானால் சூட்டில் எதுவோ ஒன்று பலம் இழக்கிறது. அது காயிலாக இருக்கலாம், கண்டென்சராகவும் இருக்கலாம்.

கண்டென்சரைப் பற்றிச் சொல்லும் முன் காயில் என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். காயிலின் நடுவில் இரும்புத் தகடுகளால் ஆன ஒரு தண்டு. அதன் மேல் இரண்டு செம்புச் சுற்றுகள். ஒன்று கொஞ்சம் தடிமனான கம்பியில் சில நூறு சுற்று. இன்னொன்று தலைமுடி போல மெல்லிய கம்பியில் இருபதாயிரம் சுற்று அளவுக்கு. சாவியைப் போட்டு, பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரியில் இருந்து கரண்ட் முதல் சுற்றில் ஓடித் தண்டைக் காந்தமாக்குகிறது. பாயிண்ட் திறந்த நொடியில் அந்தக் கரண்ட் அறுபடுகிறது, காந்தப்புலம் சரிகிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டு சொன்ன மின்தூண்டல் இதுதான். முதல் சுற்றிலேயே அந்த நொடியில் இருநூறு முந்நூறு வோல்ட் எழும். இரண்டாவது சுற்றில் அது பத்தாயிரம் வோல்ட்டைத் தாண்டி, பிளக்கின் இடைவெளியைக் குதிக்கும். 1910 வாக்கில் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் காடிலாக் கார்களுக்காக உருவாக்கிய முறை இது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் உலகத்தின் பெரும்பாலான கார்களும் ஏராளமான பைக்குகளும் இதில்தான் ஓடின.

கவனிக்க வேண்டியது, பொறி வருவது பாயிண்ட் மூடும்போது இல்லை, திறக்கும்போது. எவ்வளவு சடக்கென்று கரண்ட் அறுபடுகிறதோ அவ்வளவு வோல்டேஜ். பாயிண்ட் திறக்கும்போது அங்கேயே பொறி பறந்து கரண்ட் இழுத்துக்கொண்டே போனால் காந்தப்புலம் மெதுவாகச் சரியும், பிளக்குக்கு ஒன்றும் மிஞ்சாது. அதைத் தடுக்கத்தான், அந்தக் கரண்டை ஒரு கணம் தன்னுள் வாங்கிக்கொள்ளும் கண்டென்சர் பாயிண்டுக்குப் பக்கவாட்டில் இருக்கிறது.

அதனால் கண்டென்சரைச் சோதிக்க மீட்டர்கூட வேண்டாம். என்ஜினின் வலப்பக்கம் இருக்கும் பாயிண்ட் மூடியைக் கழற்றி, வேறு ஒருவரை உதைக்கச் சொல்லி, பாயிண்டைக் கண்ணால் பாருங்கள். ஊசிமுனை அளவு பொறி சகஜம். பளிச் பளிச்சென்று தடிமனாக அடித்தால் கண்டென்சர் போய்விட்டது. பாயிண்டின் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழுந்திருந்தாலும் அதே சந்தேகம்தான். இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமா? பழைய கண்டென்சரின் ஒயரைக் கழற்றிவிட்டு, 0.2 மைக்ரோஃபாரட் அளவில் உள்ள ஒரு கார் கண்டென்சரை வெளியில் இருந்தே பாயிண்ட் ஒயருக்கும் எர்த்துக்கும் (வண்டியின் இரும்பு உடம்பு) நடுவில் தொடுத்து ஓட்டிப் பார்க்கலாம். மலிவான சாமான், பையில் ஒன்று கிடக்கட்டும்.

என் வண்டியில் பாயிண்ட் சுத்தமாக இருந்தது. இடைவெளியும் 0.35-இல் இருந்து 0.40 மில்லிமீட்டருக்குள், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் சரியாக உராய்ந்துகொண்டு போனது. மீதம் இருந்தது காயில்தான்.

காயிலைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகக் காட்டியது. இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். மீட்டர் நன்றாக இருக்கிறது என்று சொன்னவுடன் காயிலை விட்டுவிட்டுக் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். கம்பத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். மீட்டர் காட்டிய கணக்கை எல்லாம் ஒப்பித்தேன். கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, “ஆறிப்போன காயில்ட்ட கேட்டா அது என்னத்தச் சொல்லும் தம்பி? கொதிச்சுக்கிட்டு இருக்கையில கேளு” என்றார். அவ்வளவுதான் சொன்னார். இந்த விஷயத்தில் இதற்கு மேல் சொல்லவும் ஒன்றும் இல்லை.

யோசித்துப் பார்த்தால் காரணம் தெளிவு. மீட்டருக்குள் இருப்பது ஒரு சின்ன பேட்டரி. சில வோல்ட்தான் காயிலுக்குள் அனுப்பும். மெல்லிய கம்பியின் மேல் இருக்கும் எனாமல் பூச்சும், அடுக்குகளுக்கு நடுவே உள்ள காகிதமும், உள்ளே நிரப்பிய எண்ணெயோ தாரோ அந்தச் சில வோல்ட்டைத் தாங்கத்தான் செய்யும். பத்தாயிரம் வோல்ட் வரும்போது, அதுவும் சூட்டில் பூச்சு நெகிழ்ந்திருக்கும்போது, ஓர் அடுக்கில் இருந்து இன்னொரு அடுக்குக்கு உள்ளேயே தாவிவிடும். பிளக்குக்கு வர வேண்டியது வழியிலேயே தீர்ந்துபோகும். ஆறினால் மறுபடி ஒட்டிக்கொண்டு வேலை செய்யும். மீட்டர் காட்டுவது கம்பி அறுந்திருக்கிறதா இல்லையா என்பதை மட்டும்தான். இன்சுலேஷனின் பலத்தை அது காட்டாது.

சூட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் ஏறும். 30 டிகிரியில் 4 ஓம் இருக்கும் சுற்று 80 டிகிரியில் 4.8 ஓம் ஆகிவிடும். 12 வோல்ட்டில் முதலில் 3 ஆம்பியர் ஓடியது இப்போது 2.5 ஆம்பியர். காயிலில் சேரும் சக்தி கரண்டின் இருமடிப்படி மாறும் என்பதால், இந்தச் சின்னக் குறைவிலேயே சக்தியில் முப்பது சதவீதம் போய்விடுகிறது. நல்ல காயில் இந்த இழப்பைத் தாங்கும் அளவுக்குக் கையிருப்பு வைத்திருக்கும். வயதான காயிலுக்கு அந்தக் கையிருப்பு இல்லை. மலை ஏறும்போது திராட்டிலைத் திருகினால் சிலிண்டருக்குள் அமுக்கமும் கூடும், பொறி குதிக்க வேண்டிய வோல்டேஜும் கூடும். தேவை ஏறும் அதே நேரத்தில் வரத்து இறங்குகிறது. சமவெளியில் ஓடி மலையில் நின்றதற்கு இதுதான் காரணம்.

சரி, கொதிக்கும்போது எப்படிக் கேட்பது? வண்டி நின்ற இடத்திலேயே சோதிக்க வேண்டும். நல்ல காயில் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, சைக்கிள் டியூபில் கிழித்த ரப்பர் பட்டை, இரண்டு முனையிலும் கிளிப் வைத்த ஒயர், ஸ்பேனர், ஒரு துணி எல்லாம் எடுத்துக்கொண்டு வேண்டுமென்றே உச்சி வெயிலில் லோயர் கேம்ப்பில் இருந்து ஏறினேன். டாங்கின் போல்ட்டுகளை முன்பே லேசாகத் தளர்த்தி வைத்திருந்தேன். எதிர்பார்த்த மாதிரியே பாதி மலையில் மிஸ் அடிக்க ஆரம்பித்து, ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டி நின்றது. டாங்கைத் தூக்கிக் காயிலைத் தொட்டேன், விரலை வைத்திருக்க முடியவில்லை. அடியில் தகடு மடித்த விளிம்பில் எண்ணெய் கசிந்து, அதில் தூசி ஒட்டிக் கறுப்பாக ஒரு வளையம் இருந்தது. வெறும் கண்ணுக்குக் கிடைத்த முதல் சாட்சி அது.

ரோட்டோரம் பாறையில் ஊற்றுத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துணியை நனைத்துப் பிழிந்து காயிலின் உடம்பில் மட்டும் சுற்றினேன். மேலே இருக்கும் முனைகளில் ஈரம் படாமல் பார்த்துக்கொண்டேன். ஆவி பறந்தது. துணியை மாற்றி மாற்றிச் சுற்றி, காயில் கைச்சூட்டுக்கு வந்ததும் உதைத்தேன். கிளம்பிவிட்டது. என்ஜின் இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது, கண்டென்சரும் அதே சூட்டில்தான் இருந்தது. ஆறியது காயில் ஒன்று மட்டுமே. அதே இடத்தில் நிறுத்தாமல் ஓடவிட்டேன், மறுபடி சூடேறி மறுபடி நின்றது. இந்த முறை ரப்பர் பட்டையால் மாற்றுக் காயிலை ஃபிரேமில் கட்டி, பழைய காயிலின் இரண்டு ஒயர்களையும் பிளக் ஒயரையும் அதற்கு மாற்றிவிட்டு உதைத்தேன். ஒரே உதை. குமுளி செக்போஸ்ட் வரை ஒரு மிஸ் இல்லை. குற்றவாளி யார் என்பதில் இனி சந்தேகத்துக்கு இடமில்லை.

எல்லோரும் மலையில் போய் நிற்க வேண்டியதில்லை. வீட்டிலேயே காயிலைக் கழற்றி, தண்ணீர் புகாதபடி பாலித்தீன் பையில் கட்டி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்துவிட்டு, துடைத்து உடனே மாட்டிப் பொறி பார்க்கலாம். ஆனால் வண்டி நின்ற இடத்தில் செய்யும் சோதனைக்கு ஈடு கிடையாது.

காயிலை மாற்ற முடிவு செய்த பிறகும் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். காயில் வரை பேட்டரியின் வோல்டேஜ் முழுசாக வந்து சேருகிறதா? பாயிண்ட் மூடியிருக்கும்போது சாவியைப் போட்டு, பேட்டரியில் எவ்வளவு, காயிலின் முனையில் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் நடுவில் சாவி ஸ்விட்ச், ஆம்பியர் மீட்டரின் நட்டு, ஹெட்லைட் கிண்ணத்துக்குள் இருக்கும் இணைப்புகள் இவற்றில் எங்கேயோ பச்சை பூத்திருக்கிறது. புதுக் காயில் போட்டாலும் அது பட்டினி கிடக்கும். பேட்டரி பிளஸ்ஸில் இருந்து காயிலின் ஸ்விட்ச் முனைக்கு ஒரு ஒயரை நேராகக் கொடுத்து ஓட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். அப்படிக் கொடுத்தால் சாவியால் வண்டியை அணைக்க முடியாது, ஒயரைப் பிடுங்கினால்தான் நிற்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இனி புதுக் காயில் வாங்குவது. கடையில் போய் “12 வோல்ட் காயில் குடுங்க” என்று கேட்டால் போதாது. நான் போன ஒரு கடையில் பையன் டப்பாவைப் பிரித்துக் கையில் கொடுத்துவிட்டு, “12 வோல்ட் தானே அண்ணே, எல்லாம் ஒண்ணுதான்” என்றான். மீட்டரை எடுத்து அங்கேயே அளந்தேன், 0.6 ஓம். அது சி.டி.ஐ. வண்டிக் காயில், அதாவது பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் பெட்டி வைத்த வண்டிக்கானது. சி.டி.ஐ. முறையில் பெட்டிக்குள் இருக்கும் கண்டென்சர் ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்துக்கு மட்டும் காயிலுக்குள் பாயும், அதற்கு இந்தத் தடை போதும். பாயிண்ட் வண்டியில் அதை மாட்டினால் 12-ஐ 0.6-ஆல் வகுத்துப் பாருங்கள், 20 ஆம்பியர். பாயிண்ட் கருகும், ஃபியூஸ் போகும், ஃபியூஸ் இல்லாத பழைய வண்டியில் ஒயரே உருகும். பையனிடம் பொறுமையாகச் சொன்னேன். உள்ளே இருந்து வேறொன்று தேடி எடுத்து வந்தான், அது 3.9 ஓம். அதை வாங்கிக்கொண்டேன்.

பாயிண்ட் வைத்த 12 வோல்ட் வண்டிக்கு முதல் சுற்றின் தடை 3-இல் இருந்து 4.5 ஓமுக்குள் இருக்க வேண்டும். 6 வோல்ட் வண்டிக்கு ஒன்றரை ஓம் பக்கம். 6 வோல்ட் காயிலை 12 வோல்ட் வண்டியில் போட்டால் 8 ஆம்பியர் இழுத்துச் சீக்கிரம் வெந்துவிடும். 12 வோல்ட் காயிலை 6 வோல்ட்டில் போட்டால் பொறி சோகையாக இருக்கும். பழைய கார் காயில்களில் தனியாக ஒரு தடையோடு சேர்த்துப் பயன்படுத்த வேண்டிய ரகமும் உண்டு. அதையும் ஓம் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம், ஒன்றரை ஓம் பக்கம்தான் காட்டும். இரண்டாவது சுற்றைப் பிளக் ஒயர் துளைக்கும் பாயிண்ட் முனைக்கும் நடுவே அளந்தால் 5,000-இல் இருந்து 15,000 ஓமுக்குள் வரும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் உள்ளே அறுந்திருக்கிறது.

சின்னத் தடையை அளக்கும்போது மீட்டரின் இரண்டு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். மலிவான மீட்டர் அப்போதே 0.3, 0.5 என்று காட்டும். அதைக் கழித்துக்கொண்டால்தான் உண்மைக் கணக்கு. ஒன்றரை ஓம் காயிலில் அரை ஓம் பிழை என்பது சின்ன விஷயம் இல்லை.

மாட்டும்போது முனைகளைப் பார்த்து மாட்ட வேண்டும். பிளஸ், மைனஸ் குறி இருக்கும், அல்லது ஸ்விட்சுக்கும் பாயிண்டுக்கும் தனித்தனி அடையாளம் இருக்கும். பேட்டரியின் மைனஸ் எர்த் ஆன வண்டியில் காயிலின் பிளஸ் முனை சாவிப் பக்கம், மைனஸ் முனை பாயிண்ட் பக்கம். ரொம்பப் பழைய வண்டிகளில் பேட்டரியின் பிளஸ்தான் எர்த். அங்கே இரண்டையும் மாற்றிக் கொடுக்க வேண்டும். தலைகீழாகக் கொடுத்தாலும் வண்டி ஓடும், அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் பிளக்கின் நடு முனை எப்போதும் அதிகச் சூட்டில் இருக்கிறது. சூடான முனையில் இருந்து எலக்ட்ரான் சுலபமாகக் கிளம்பும். அதனால் நடு முனை மைனஸாக இருந்தால் குறைந்த வோல்டேஜிலேயே பொறி குதிக்கும். முனை மாறினால் அந்த லாபம் போய்விடும். பிளக் தேய்ந்திருக்கும்போதும் குளிர் காலையிலும் அதன் குறை தெரியும்.

இந்த ரகக் காயிலுக்கு உடம்பு எர்த் ஆக வேண்டிய அவசியம் இல்லை, பொறிக்கான கரண்ட் முதல் சுற்றின் வழியாகவே திரும்பிவிடுகிறது. ஆனாலும் கிளாம்ப் ஃபிரேமோடு நன்றாகப் பதிந்து உட்கார வேண்டும், சூடு ஃபிரேமுக்குக் கடத்தப்படும். காயிலைச் சுற்றி ரப்பர், ஃபோம் என்று மெத்தை போட்டுவிடுகிறார்கள் சிலர். அதிர்வுக்கு நல்லதுதான் என்றாலும் சூடு வெளியேற வழியே இல்லாமல் போகிறது. முனை நட்டுகளுக்கு ஸ்பிரிங் வாஷர் போடுங்கள், புல்லட்டின் அதிர்வுக்கு எந்த நட்டும் சொன்ன பேச்சு கேட்காது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, எந்த ஒயரும் இழுபடவில்லை என்று பார்த்துவிட்டு டாங்கை இறக்குங்கள்.

பிளக் ஒயரையும் கேப்பையும் அதே சமயம் புதுசாக்கிவிடுவது நல்லது. செம்பு இழை உள்ள ஒயர் போதும். கேப்பில் 5,000 ஓம் தடை இருக்கும். பழைய கேப் இருபது முப்பதாயிரம் காட்டினால் தூக்கிப் போடுங்கள். எங்கள் பக்கம் ஜூன் பிறந்துவிட்டால் கீழே கம்பத்தில் காற்று மட்டும் அடிக்கும், மேலே குமுளி, வண்டிப்பெரியாறு, பீர்மேடு முழுக்க மழையும் மஞ்சுமாக இருக்கும். மலைச்சரிவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறு வேறு ஊர். வறண்ட பக்கம் சும்மா ஓடும் வண்டி குட்டிக்கானம் மூடுபனியில் திக்கினால், காயிலைத் தொடும் முன் இரவில் வெளிச்சம் இல்லாத இடத்தில் என்ஜினை ஓடவிட்டுப் பிளக் ஒயரைக் கவனியுங்கள். வெடித்த ஒயரில் நீலக் கோடுகள் ஓடுவது தெரியும்.

காயில் ஏன் இப்படிக் கெடுகிறது என்பதற்கும் வருவோம். வயது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் சாவியைப் போட்டபடி நிறுத்தி வைப்பது. என்ஜின் ஓடும்போது பாயிண்ட் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் புல்லட்டில் 1,500 முறை. அந்த இடைவெளிகளில் காயில் மூச்சு விடும். என்ஜின் நின்று, சாவி போட்டபடி இருந்து, பாயிண்டும் மூடிய நிலையில் நின்றுவிட்டால் 3 ஆம்பியர் நிற்காமல் ஓடும். 12 வோல்ட்டில் அது 36 வாட், டாங்குக்கு அடியில் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சூடு போட்டு வைத்த மாதிரி. செக்போஸ்ட் வரிசையில் என்ஜின் அணைந்து, சாவியைத் திருப்பாமலேயே பேசிக்கொண்டு நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காயில்தான் கண்ணில் படும். அறிமுகம் இல்லாதவராக இருந்தாலும் போய்ச் சொல்லிவிடுவேன்.

புல்லட்டில் இதைக் கண்டுகொள்ள ஆம்பியர் மீட்டரே உதவும். சாவி போட்டு, லைட் எதுவும் எரியாமல், முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருந்தால் பாயிண்ட் மூடியிருக்கிறது, காயில் கரண்ட் குடிக்கிறது. கிக்கரை மெதுவாக அமுக்கினால் முள் ஓர் இடத்தில் நடுவுக்கு வரும். அங்கே பாயிண்ட் திறந்துவிட்டது. சிலிண்டரின் அமுக்கத்தை வெளியேவிடும் டிகம்ப்ரஷரைப் பிடித்து வண்டியை உதைக்கத் தயார் செய்யும்போது பழைய ஆட்கள் இந்த முள்ளைத்தான் பார்ப்பார்கள். முள் சாய்வதும் திரும்புவதும் ஒழுங்காக இருந்தால் சாவி, ஒயர், காயிலின் முதல் சுற்று, பாயிண்ட் நான்கும் தொடர்பில் இருக்கின்றன என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். முள் அசையவே இல்லையென்றால் எங்கேயோ அறுந்திருக்கிறது, அல்லது பாயிண்டில் எண்ணெய் படிந்திருக்கிறது. நடுவுக்கே திரும்பாவிட்டால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டென்சர் எர்த் ஆகிவிட்டது.

காயில் ஒருமுறை வழியில் நிறுத்திவிட்டால் உடனே பாயிண்ட்டையே பிடுங்கிப் போட்டுவிட்டு எலக்ட்ரானிக் கிட் மாட்டச் சொல்லி யோசனை சொல்பவர்கள் நிறைய. நல்ல கிட் நன்றாகவே ஓடும், பாயிண்ட் தேய்மானமும் இல்லை. ஆனால் பாயிண்ட்டை உப்புத்தாளும் ஃபீலர் கேஜும் வைத்து நடு மலையில் சரிசெய்யலாம், கிட்டை அப்படிச் செய்ய முடியாது. நான் பாயிண்ட்டிலேயே இருக்கிறேன். பாயிண்டைத் திறக்கும் கேமில் உராயும் ஃபைபர் குதி தேய்ந்தால் இடைவெளி குறைந்து, பொறி விழும் நேரமான டைமிங்கும் பின்தங்கும். அதைத் தடுக்க கேம் மேல் துளி கிரீஸ் வைக்கிறேன், மழைக்காலம் தொடங்கும் முன் இடைவெளி பார்க்கிறேன், அதற்கு மேல் அது எதுவும் கேட்பதில்லை. கிட் போட்டே தீருவேன் என்பவர்கள், அதோடு எத்தனை ஓம் காயில் சேரும் என்பதை வாங்கும்போதே கேட்டு, மீட்டரில் அளந்து மாட்டுங்கள். பழைய காயிலையே அதில் தொடுத்துவிட்டால் அதே மலையில் அதே வளைவில் மறுபடி நிற்க வேண்டியிருக்கும்.